தங்கமணியம்மா எடுத்துக் கொடுத்த குண்டூசி

போன மாதம் நீலம் போன் செய்தாள். தில்லியில் நான் வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் என் கடைசி வருஷங்களில் உதவியாளராகச் சேர்ந்த பெண். இப்போது அந்த அறைக்கு அவள்தான் பொறுப்பு. புதிதாக ஆறு பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்களாம். "சி.ஐ.டி. ஜி, ஒரு மணி நேரம் வந்து பேசுங்கள். கண் தெரியாத மாதிரி நடிப்பவர்களை நீங்கள் பிடித்த கதைகளைச் சொல்லுங்கள். இப்போது மெஷின் பவரைச் சொல்லிவிடுகிறது, யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்வதில்லை" என்றாள் இந்தியில். முழங்கால் வலி, தில்லியின் இந்தக் கோடியில் துவாரகாவிலிருந்து அவ்வளவு தூரம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் பார்க்கில் நான்கு சுற்று நடக்கிறேன்.

நீலத்துக்குத் தெரிந்ததெல்லாம் பிடிபட்டவர்களின் கதைகள். தங்கமணியம்மாவின் கதை அவளுக்குத் தெரியாது. அது அவள் வருவதற்கு முன்பு நடந்தது. தங்கமணியம்மா இப்போது உயிரோடு இல்லை. எனக்கு எழுபத்து நான்கு ஆகிறது. ஆறு பிள்ளைகள் முன்னால் நின்று சொல்ல வாய் வராததை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி., மதராஸில் இரண்டு வருஷம் கண் பரிசோதனைப் பயிற்சி, ஒரு பரீட்சை, ஒரு நேர்முகம், பிறகு தில்லி ரயில். பதவியின் பெயர் ரிஃப்ராக்‌ஷனிஸ்ட். பெண் பார்க்கப் போனபோது மாமனாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கண்ணாடி பவர் பார்க்கிறவர் என்று என் சித்தப்பா விளக்கியதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. கண்ணில் பிழை எவ்வளவு, கண்ணாடி போட்டால் எதுவரை தெரிகிறது, நேரே பார்க்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று அளந்து தாளில் எழுதுவது என் வேலை. மருந்தும் கத்தியும் டாக்டருடையவை. ஆனால் டாக்டர் என் தாளைப் பார்த்துத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார்.

எங்கள் யூனிட்டின் தலைவர் டாக்டர் சபர்வால். உயரமான மனிதர். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. தாளை அவர் மேசையில் வைத்தால் பேனாவைக் கையில் எடுத்துக்கொள்வார், மூடியைக் கழற்றமாட்டார். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே கேள்விதான். "மரீஸ் க்யா கெஹ்தா ஹை?" நோயாளி என்ன சொல்கிறார்? தாளின் முதல் கட்டமே அதற்குத்தான்: நோயாளியின் குறை, அவருடைய சொற்களில். நாங்கள் அவசரத்தில் 'பார்வை மங்கல்' என்று எழுதி வைத்தால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "மங்கல் என்பது உன் சொல். அந்த அம்மாள் என்ன சொன்னாள்?" திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வருவோம். ஊசியில் நூல் கோர்க்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தால், மருமகள் உட்பட அப்படியே எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி கழலும், கையெழுத்து விழும்.

வராந்தா நிறைய ஆள் நிற்கும்போது இது எனக்குப் பெரிய மனிதரின் வீம்பாகத் தோன்றியது. நோயாளி ஆயிரம் சொல்வார், அளவு ஒன்றைத்தான் சொல்லும் என்பது என் கட்சி. என் அளவுகள் தப்பாது என்ற தலைக்கனமும் எனக்கு இருந்தது.

அந்தத் தலைக்கனத்துக்குக் காரணம் உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் சிலருக்குக் கண் தெரியாமல் இருப்பது தேவைப்படும். எல்லைப்பக்கம் மாற்றல் வந்த கான்ஸ்டபிள், வண்டி ஓட்டாமல் டிப்போவிலேயே உட்கார ஆசைப்படும் டிரைவர். அவர்களை என்னிடம் அனுப்புவார்கள். இடது கண் சுத்தமாக இருட்டு என்று சொல்கிறவரின் வலது கண்ணுக்கு முன்னால், பேச்சோடு பேச்சாக, அதிகப் பவர் கண்ணாடி ஒன்றைச் செருகுவேன். வலது கண் மங்கிவிடும். அவரோ கடகடவென்று கடைசி வரிவரை படித்துக்கொண்டு போவார், எந்தக் கண்ணால் படிக்கிறோம் என்று தெரியாமலே. இவையெல்லாம் புத்தகத்தில் உள்ள முறைகள். என் சொந்தச் சரக்கு குண்டூசி. மேசையில் தாளை ஒழுங்குபடுத்துகிற மாதிரி ஒரு குண்டூசியைத் தரையில் தட்டிவிட்டு "அடடா" என்பேன். சுவரைத் தடவிக்கொண்டு வந்தவர் குனிந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். மரியாதை தெரிந்தவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். சி.ஐ.டி. என்ற பட்டம் அப்படி வந்தது. நான் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தில்லியில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தமிழனுக்கு ஊரிலுள்ள தமிழர்கள் எல்லோரும் சொந்தம். சரோஜினி நகர், ஆர்.கே. புரம், கரோல் பாக் எங்கிருந்தாவது ஒருவர் "வணக்கம் சார், நம்மாளு இருக்கீங்கன்னு சொன்னாங்க" என்று வரிசையை விட்டு நேராக என் அறைக்குள் வந்துவிடுவார். நானும் பல வருஷம் பார்த்துத்தான் அனுப்பினேன். ஒரு நாள் யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள்: மதராஸி பாபு மதராஸிகளுக்கு மட்டும் வேலை செய்கிறார். விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சபர்வால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். எனக்குத்தான் மனதில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து தமிழில் பேசிக்கொண்டு யார் வந்தாலும் என் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். மற்றவர்களிடம் ஒரு பங்கு கறாராக இருந்தால் நம்மவர்களிடம் இரண்டு பங்கு. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனிச்சாமி என்பவர் என் வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், விமானப் படையில் இருந்து ஓய்வுபெற்றுத் தனியார் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தங்கமணி ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தபால் பதிவுப் பிரிவில் எழுத்தர், இருபத்தேழு வருஷ சர்வீஸ். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் அந்த அம்மாள் பெயரில்தான். ஒன்றரை வருஷமாக அவர் வேலையில் தப்பு மேல் தப்பு. பதிவேட்டில் ஒரு வரி மேல் இன்னொரு வரி எழுதுகிறார். வந்த கடிதத்தை வரவில்லை என்கிறார். கடைசியாக, கோர்ட்டிலிருந்து வந்த முக்கியமான கடிதம் ஒன்று காணாமல் போய், அவர் மேசைமேலேயே, அவர் கண்ணெதிரிலேயே இருந்தது. வேண்டுமென்றே மறைத்தார் என்று மெமோ கொடுத்திருந்தார்கள். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று அவர் பதில் எழுதியிருந்தார். அலுவலகம் நம்பவில்லை, உண்மையில் பார்வைக் கோளாறு உண்டா, வேலையிலிருந்து தப்பிக்கச் சொல்கிறாரா என்று கேட்டு எங்கள் மருத்துவக் குழுவுக்கு அனுப்பியிருந்தது. கோளாறு என்று குழு சொன்னால் நோயாளியாக மரியாதையோடு ஓய்வு. இல்லை என்று சொன்னால் பொய்க்காரி என்ற பெயரோடு வெளியே.

"மூணு டாக்டர் பாத்தாச்சுங்க. கண்ணு நல்லாருக்குதுன்னு கண்ணாடிய மாத்தி மாத்திக் குடுக்கறாங்க. அவ பொய் சொல்றவ இல்லீங்க. நாளைக்கு உங்ககிட்டத்தான் வருதாம். பொறுமையா ஒருக்கா பாருங்க, அது போதுமுங்க" என்றார் பழனிச்சாமி. கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய். குவார்ட்டர்ஸ் பின்கட்டில் அந்த அம்மாள் நட்ட மரமாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சிபாரிசுக்கு வந்திருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். "ஆஸ்பத்திரி விஷயத்த ஆஸ்பத்திரியில பேசுங்க" என்று சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த மனுசன் பாருங்கன்னுதான சொன்னாரு. முருங்கக்காயத் திருப்பிக் குடுத்து என்னத்தக் கண்டிய?" என்றாள். உனக்கு ஆபீஸ் விஷயம் தெரியாது என்றேன்.

மறுநாள் அவர்களை வராந்தாவில் பார்த்தேன். ஐம்பது வயதைக் கடந்த அம்மாள், எண்ணெய் வைத்து வாரிய தலை. புடவை மட்டும் ஒரு பக்கம் ஏற்ற இறக்கமாக இருந்தது. கணவரின் சட்டை நுனியை விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் முதலில் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, கடைசியாகத்தான் அவரை உள்ளே வரச் சொன்னேன். பழனிச்சாமியை வெளியே நிறுத்தினேன். அதுதான் முறை என்று சொன்னேன். முறை அப்படி ஒன்றும் இல்லை.

என் அறை சின்னது. எழுத்து அட்டை இருபது அடி தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவு இடம் கிடையாது. அதனால் அட்டையை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தோம். கண்ணாடிக்குள் பார்த்துப் படிக்க வேண்டும். தங்கமணியம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியின் கையைத் தடவி, முதுகைத் தடவி, ஒரு பாதி அதன்மேலும் ஒரு பாதி வெளியிலுமாக உட்கார்ந்தார். நடிப்பில் இது ஒன்று என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"என்னம்மா செய்யுது?"

"உங்க பேச்சு திருநெல்வேலிப் பக்கமுங்களா?"

"ஆமா. கண்ணுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குப் பல நாள் தயார் செய்து வந்தவர் போல, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "பெருசா இருக்கறது தொலஞ்சு போயிருதுங்க. சின்னதா இருக்கறது கெடச்சுருதுங்க."

"புரியலயேம்மா."

"மேசை மேல எறும்பு போனா தெரியுதுங்க. மேசையத்தானுங்க தேட வேண்டியிருக்குது. எழுத்தும் தெரியுதுங்க. அடுத்த எழுத்துக்குப் போறதுக்குள்ள இந்த எழுத்து எங்கியோ போயிருது. ஆபீஸ்ல இதச் சொன்னா சிரிக்கறாங்க. அதனால யாருகிட்டயும் இப்பச் சொல்றதில்லீங்க. உங்ககிட்ட நம்ம பாஷையில சொல்லலாமுன்னு வந்தனுங்க."

ஞாபகமெல்லாம் எப்படி என்று பேச்சுக்குக் கேட்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தன்னோடு இருந்த பிரிவு அதிகாரிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். காணாமல் போய்க் கிடைத்த அந்தக் கோர்ட் கடிதத்தின் எண்ணை, சாய்கோடு உட்பட ஒப்பித்தார். இவ்வளவு தெளிவாக இருப்பவருக்கு மூளையில் கோளாறு ஒன்றும் இருக்காது என்று முடிவு கட்டினேன்.

அட்டைக்கு வந்தோம். முதலில் அவர் கண்ணாடியையே பார்க்கவில்லை, அதன் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, உள்ளங்கை அகலம். கண்பார்வை மிகக் குறைந்தவர்களும் அதைச் சொல்லிவிடுவார்கள். அவர், "கறுப்பா ஒரு கோடு இருக்குதுங்க. எழுத்து தெரியலீங்க" என்றார். அடுத்த வரியும் இல்லை என்றார். எனக்குள் சி.ஐ.டி. விழித்துக்கொண்டான். ஒன்றும் சொல்லாமல் கீழே போகச் சொன்னேன். கடைசிக்கு மூன்றாவது வரி, பொடி எழுத்து. அதில் நான்கு எழுத்துகளை, நடுவில் ஒன்றைத் தாண்டி, சரியாகச் சொன்னார்.

பொடி எழுத்து தெரிகிறவருக்கு உள்ளங்கை அகல எழுத்து தெரியாமல் போகாது. இருபது வருஷ சர்வீஸில் நான் கற்றது அது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

பக்கப் பார்வை பார்க்கக் கறுப்புத் துணித் திரை ஒன்று உண்டு. நடுவில் ஒரு புள்ளியை நோயாளி பார்த்துக்கொண்டிருக்க, குச்சி முனையில் வெள்ளை மணியை ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். தெரிகிற இடத்தில் அவர் சொல்லுவார். பொறுமையாகச் செய்தால் அரை மணி நேரம் ஆகும். நான் பத்து நிமிஷத்தில் முடித்தேன். வலது பக்கம் ஒழுங்காகச் சொன்னார். இடது பக்கம் ஒரு தடவை தெரிகிறது என்றார், மறு தடவை அதே இடத்தில் தெரியவில்லை என்றார். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன்.

பிறகு குண்டூசியைத் தட்டிவிட்டேன். "அடடா" என்றேன்.

தங்கமணியம்மா உடனே குனிந்தார். சிமெண்டுத் தரையில் கிடந்த குண்டூசியை இரண்டு விரலால் எடுத்து, "இந்தாங்க சார், கால்ல குத்திரப் போவுது" என்று நீட்டினார். நான் கை நீட்டியிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எழுந்து போகும்போது வாசலில் இருந்த இரும்புக் குப்பைத் தொட்டியில் இடித்துக்கொண்டார். அவர் இடுப்பு உயரத் தொட்டி. "கதவு எங்கீங்க?" என்று கேட்டார், திறந்த கதவின் முன்னால் நின்றுகொண்டு. நான் பதில் சொல்லவில்லை. நடிப்பு அளவுக்கு மீறிப் போகிறது என்று நினைத்தேன். பழனிச்சாமி உள்ளே வந்து கூட்டிப்போனார்.

தாளை எடுத்தேன். முதல் கட்டம்: நோயாளியின் குறை, அவருடைய சொற்களில். பேனா அங்கே நின்றது. அவர் சொன்னதை எழுத வேண்டுமென்றால் இங்கிலீஷில் எழுத வேண்டும். சபர்வால் கேட்டால் இந்தியில் சொல்ல வேண்டும். பெரியது தொலைகிறது, சின்னது கிடைக்கிறது. குழுவில் மற்ற டாக்டர்கள் சிரிப்பார்கள். மதராஸி அம்மாளுக்கு மதராஸி பாபு கதை கட்டித் தருகிறார் என்று யாராவது சொல்வார்கள். 'பார்வை மங்கல்' என்று எழுதினேன். கீழே, கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, வேண்டுமென்றே சொல்வதாகத் தெரிகிறது என்று எழுதினேன். குண்டூசியையும் விடாமல் எழுதினேன்.

மதியம் தாள்களைக் கட்டாக சபர்வாலின் மேசையில் வைத்தேன். தங்கமணியம்மாவின் தாள் வந்ததும் பேனாவைக் கையில் எடுத்தார். "மரீஸ் க்யா கெஹ்தா ஹை?"

"நஸர் துந்த்லி ஹை, சாப்." பார்வை மங்கல்.

மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது அவள் சொல்லா?"

"ஆமாம் சாப். தமிழில் சொன்னாள்."

தமிழ் என்றதும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க முடியாது. மூடி கழன்றது.

ஆறு மாதத்தில் தங்கமணியம்மாவைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள், தண்டனையாக. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போனார்கள். சரோஜினி நகர்த் தமிழர் வீடுகளில் கொஞ்ச நாள் அதுதான் பேச்சாம்: கோர்ட் கடிதத்தை ஒளித்துவைத்துவிட்டுக் கண் தெரியவில்லை என்று நடித்த அம்மாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் மறந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவிலிருந்து சபர்வாலுக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கமணி என்ற நோயாளியின் பழைய கண் பரிசோதனைத் தாள்கள் தேவை. சபர்வால் என்னை உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

எழுதியிருந்தவர் ஓர் இளம் டாக்டர். அந்த அம்மாளால் இப்போது புடவை கட்டிக்கொள்ள முடியவில்லை, தோசைக்கல்லுக்கும் அடுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டார், அதனால் கணவர் கூட்டி வந்தார் என்று விவரமாக எழுதியிருந்தார். தலையை ஸ்கேன் எடுத்ததில் மூளையின் பின்பகுதி சுருங்கியிருந்தது. கண் நன்றாக இருக்கிறது. கண் அனுப்புவதை வாங்கிச் சேர்த்துப் பார்க்கிற இடம் கெட்டுப்போயிருக்கிறது. அல்சைமர் நோய்தான் என்று அவர் நினைத்தார். எல்லோருக்கும் ஞாபகத்தில் ஆரம்பிக்கிற நோய் சிலருக்கு இப்படிப் பார்வையில் ஆரம்பிக்குமாம். ஞாபகமும் பேச்சும் பல வருஷம் அப்படியே இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை, கண் டாக்டர்களிடம் அலைந்துகொண்டே இருப்பார்கள் என்றிருந்தார். அவர்கள் பார்க்கிற ஜன்னல் சின்னதாகிவிடுகிறது. சின்னப் பொருள் அதற்குள் முழுசாக அடங்கும், பெரிய பொருளின் ஓர் ஓரம்தான் தெரியும்.

எனக்குத் தரையில் கிடந்த குண்டூசி ஞாபகம் வந்தது.

சபர்வால் என் தாளை விரித்து முதல் கட்டத்தில் விரலை வைத்தார். "மரீஸ் க்யா கெஹ்தா தா?" என்ன சொன்னார் என்று இறந்தகாலத்தில் கேட்டார்.

சொன்னேன். ஒரு சொல் விடாமல், எறும்பையும் மேசையையும் சேர்த்து, இந்தியில் சொன்னேன். எனக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது.

அவர் தாளை மடித்தார். "நீ எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். எனக்கும் இந்த நோயைப் பற்றித் தெரியாது. ஆனால் நின்றிருப்பேன். கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எங்கள் முந்தைய அபிப்பிராயம் தவறு என்று அந்த அலுவலகத்துக்கு அவரே கடிதம் எழுதினார். அதில் என் பெயர் இல்லை, கடிதம் பூராவும் 'நான்' 'என் கவனக்குறைவு' என்றுதான் இருந்தது. தட்டச்சு செய்து வந்த பிரதியைப் படித்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடிதத்துக்குப் பலன் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. தண்டனையை நீக்கி, நோய் காரணமாக ஓய்வு என்று மாற்றினார்கள். குவார்ட்டர்ஸ் திரும்பவில்லை, சரோஜினி நகரில் பரவிய பேச்சும் திரும்பவில்லை.

"போய் அவர்களைப் பார்" என்று மட்டும் சபர்வால் சொன்னார். நான் போகவில்லை. மழை என்று ஒரு மாதம், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஒரு மாதம், வெயில் என்று ஒரு மாதம். சபர்வால் ஓய்வுபெற்றுப் போன அன்று கைகுலுக்கும்போது "பார்த்தாயா?" என்று கேட்டார். இந்த ஞாயிறு சாப் என்றேன். அந்த ஞாயிறு போனேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பரிசோதனை நடந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. என்ன இருந்தாலும் அது மறதி நோய். என்னை அவருக்கு ஞாபகம் இருக்காது. பழனிச்சாமியிடம் இரண்டு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். அந்த அம்மாளின் நோயை நான் எனக்குச் சாதகமாக நினைத்தேன்.

மயூர் விஹாரில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். பழனிச்சாமிதான் கதவைத் திறந்தார். ஒரு கணம் பார்த்தார், பிறகு "வாங்க" என்றார். முன்னறையில் நடுவில் ஒரு பொருள் கிடையாது. எல்லாவற்றையும் சுவரோரமாகத் தள்ளி, நாற்காலி முதுகில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். தங்கமணியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இளைத்துப்போயிருந்தார். புடவைக்குப் பதில் நைட்டி. என் பக்கம் திரும்பினார். அவர் கண் என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தது.

"வணக்கம்மா, நல்லாருக்கீங்களா?" என்றேன்.

"முத்துக்குமார் சாருங்களா?" என்றார் உடனே. "திருநெல்வேலிக்காரரு. குரலக் கேட்டாத் தெரியாதுங்களா? அன்னைக்கு எனக்கு முன்னால பதினோரு பேரு இருந்தாங்க. பின்னால நாலு பேரு வந்தாங்க. எல்லாத்தையும் அனுப்பிப்போட்டுத்தான் என்னையக் கூப்புட்டீங்க. குண்டூசி கீழ விழுந்துச்சு, எடுத்துக் குடுத்தனுங்க."

குறை சொல்கிற குரல் இல்லை. பழைய ஆள் ஒருவரைப் பார்த்ததும் பழைய கதையைப் பேசுகிற குரல். சிவப்புத் துணி கட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு நெனச்சுட்டே இருந்தனுங்க" என்றார். "நான் அன்னைக்குச் சொன்னேனே, பெருசு தொலஞ்சுருது, சின்னது கெடச்சுருதுன்னு. அத எழுதிக்கிட்டீங்களா சார்?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகள் இருந்தன. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்திருக்கும்.

"எழுதுனேம்மா" என்றேன்.

"பெரிய டாக்டரு படிச்சாருங்களா?"

"படிச்சாரும்மா."

"அப்பச் சரிங்க." அவர் முகம் தெளிந்தது. "அவங்களுக்குத் தெரியலீன்னா என்ன பண்றது. யாருக்குமே தெரியலயே. நான் சொல்லவே இல்லீன்னு ஆயிரக் கூடாதுன்னுதான் எனக்குக் கவலைங்க." பிறகு கணவரின் பக்கம் திரும்பி, சாருக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

குடித்தேன். பழனிச்சாமி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கிளம்பியபோது பஸ் ஸ்டாப் வரை வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வெயில் ஏறியிருந்தது. ஸ்டாப்பில் நிழலான இடத்தை எனக்கு விட்டு அவர் வெயிலில் நின்றார்.

"அப்பீலுக்கு வேணும்னு உங்க ஆஸ்பத்திரித் தாளெல்லாம் நகல் வாங்கி வெச்சிருக்கறனுங்க" என்றார் சாலையைப் பார்த்துக்கொண்டு. "அவளுக்கு இப்பப் படிக்க முடியாதுங்க. நான் படிச்சிருக்கறனுங்க."

பஸ் வரும்வரை கூடவே நின்று, என்னை ஏற்றிவிட்டுப் போனார்.